திரும்பத் திரும்ப விழும்போது கடவுளுக்கு உண்மையாக இருப்பது எப்படி?

ஒவ்வொரு தடவையும் தீர்மானம் எடுத்து, கொஞ்ச நாளில் பழைய இடத்துக்கே வந்து நிற்கிறேன், ஆண்டவர் என்னை இன்னும் ஏற்றுக்கொள்வாரா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வியோடு பல வருஷம் நடந்தவன் நான். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

கோத்தகிரி பக்கம் இலை ஏஜென்ட் வேலை எனக்கு. சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலையை எடைபோட்டு வாங்கி, பிக்கப்பில் ஏற்றி ஃபேக்டரியில் இறக்க வேண்டும். சாக்கின் எடைக்கும் இலையின் ஈரத்துக்கும் கொஞ்சம் கழிப்பது வழக்கம், அது நியாயம். நான் அதற்கு மேலும் இரண்டு மூன்று கிலோ கழித்தேன். கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பு என்று நீதிமொழிகள் 11-ல் வருவதை சண்டே ஸ்கூலிலேயே மனப்பாடம் செய்தவன்தான்.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வருஷா வருஷம் அழுதிருக்கிறேன். அந்த அழுகை உண்மை. புது வருஷத்துக்கென்று சர்ச்சில் தரும் வேத வசன அட்டையை, வாக்குத்தத்த அட்டையை, வண்டிக் கண்ணாடிக்குக் கீழே செருகித்தான் புது வருஷத்தைத் தொடங்குவேன். ஜனவரியில் உறைபனி விழும், பள்ளத்துத் தோட்டங்களில் கொழுந்து கருகும், இலை வரத்து சரியும். டீசலும் வண்டித் தவணையும் குறையாது. பிப்ரவரிக்குள் பழைய கழிவு நோட்டில் ஏறிவிடும்.

அப்படி ஒரு காலையில், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கையிலிருந்து வந்து இங்கே குடியேறிய ஒரு வயதான அம்மாவின் சாக்கைத் தராசில் மாட்டினேன். முள் 23-ல் நின்றது. 20 என்று எழுதினேன். "பனி ஈரம் இருக்கும்மா" என்றேன். அவர் தராசை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. "நீ எழுதினா சரியாத்தான் இருக்கும் தம்பி" என்று சொல்லிவிட்டு அடுத்த சாக்கின் வாயைக் கட்டக் குனிந்தார்.

அதற்கப்புறம் நாலு மாதம் சர்ச் பக்கமே போகவில்லை. எந்த முகத்தோடு போவது? உங்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டியது இதுதான்: அந்த மூன்று கிலோவைவிட அந்த நாலு மாதம்தான் என்னை அதிகம் கெடுத்தது. நாம்தான் கெட்டவன் ஆயிற்றே என்று தோன்றிய பிறகு கை கூசவே இல்லை. விழுந்த அன்றைக்கே திரும்பிப் போங்கள். கொஞ்சம் சரியான பிறகு போகலாம் என்று நான் காத்திருந்தேன், சரியாகவே இல்லை.

ஃபேக்டரி வாசலில் விடியற்காலையில் தீ மூட்டிக் குளிர்காய்வோம். யார் எவ்வளவு கழித்தார்கள் என்பதுதான் பேச்சு, நானும் தலையாட்டுவேன். ஒரு நாள் நெருப்புக்கு நேரே கையை நீட்டியபடி நிற்கும்போது இயேசுவின் சீஷன் பேதுருவின் நினைவு வந்தது. யோவான் 18-ல் அவரும் குளிருக்காகத்தான் இயேசுவைப் பிடித்துவந்த சேவகர்களின் கரிநெருப்பருகே போய் நிற்கிறார், அங்கேதான் ஆண்டவரின் சீஷன் நான் இல்லை என்று மறுதலிக்கிறார். மலையில் பிறந்தவனுக்கு அது புரியும். நடுங்கும்போது யார் மூட்டிய தீ என்று பார்க்கத் தோன்றாது. 21-ஆம் அதிகாரத்தில் கடற்கரையில் இன்னொரு கரிநெருப்பு. அங்கே காத்திருப்பவர் இயேசு. மீனும் அப்பமும் வைத்து முதலில் சாப்பிடக் கூப்பிடுகிறார். மறுதலித்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என்மேல் அன்பு இருக்கிறதா என்று மட்டும், மறுதலித்த அதே மூன்று தடவை கேட்கிறார்.

அந்த ஞாயிறு கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அப்புறம் நோட்டைப் புரட்டிக் கணக்குப் பார்த்தேன். வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காக, திருப்பித் தருவதாக இயேசுவிடம் சொன்னான்; எனக்கு அவ்வளவு வசதியில்லை. எடுத்ததை மட்டும் கொண்டுபோய் அந்த அம்மாவிடம் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றார்.

இப்போது எலக்ட்ரானிக் தராசு. எண் தெரியும் பக்கத்தை இலை கொண்டுவருபவர்கள் பார்க்கும்படி திருப்பி வைக்கிறேன். காலிச் சாக்கையும் அவர்கள் முன்னாலேயே எடைபோடுகிறேன். ஈரக் கழிவு மட்டும் இன்னமும் என் வாய்ச்சொல்தான். போன மழைக்காலத்தில் அங்கேதான் மறுபடி விழுந்தேன். அன்று ராத்திரி சாப்பாட்டில் கை வைக்குமுன் அந்த இலையைக் கொடுத்தவர் வீட்டுக்குப் போன் போட்டேன். "அண்ணே, இன்னைக்கு உங்க இலையில ஒரு கிலோ வேணும்னே குறைச்சு எழுதிட்டேன். நாளைக்கு நோட்டைக் கொண்டு வாங்க, திருத்தித் தர்றேன்."