காலிப் பெட்டி

அன்புள்ள ஐயா,

நான் பர்மாத் தமிழச்சி, பெகு ஊர்க்காரி. 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு மாண்டலேயில் ஒரு நிவாரண அமைப்பில் வேலை செய்கிறேன். பாதிக்கப்பட்ட மக்களுக்கு நாங்கள் எப்படிப் பொறுப்புக்கூற வேண்டும் என்று மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். அதன்படி ஐந்து இடங்களில் புகார்ப்பெட்டி வைத்தோம். ஆறு வாரமாக ஒரு சீட்டுகூட விழவில்லை. மக்களுக்குத் திருப்தி என்று மேலதிகாரி அறிக்கை எழுதிவிட்டார். எனக்கென்னவோ மக்களிடம் விழிப்புணர்வு இல்லை என்று தோன்றுகிறது. இதே துறையில் பாங்காக்கில் இரண்டு வார மேற்பயிற்சிக்குக் கூப்பிடுகிறார்கள். போகலாமா? 'பயனாளிகள்' என்று எழுதுவதே தப்பு என்கிறாள் என் தோழி. அது சரியா?

செ., மாண்டலே

அன்புள்ள மகளே,

உன் அப்பா வயசு இருக்கும் எனக்கு, அதனால் நீ என்றே எழுதுகிறேன். பயனாளிச் சண்டையை நீயும் தோழியும் போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு அதில் ஆர்வமில்லை.

'விழிப்புணர்வு இல்லை' என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரிக்கு வந்ததும் எழுந்து வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். கோபம் தணியவில்லை. பெட்டியை எங்கே வைத்தீர்கள்? சாமான் கொடுக்கிற மேசைக்குப் பக்கத்தில்தானே? சாவி யாரிடம்? நம் கிழவிகள் தமிழ் பேசுவார்கள், எழுதத் தெரியாது. பர்மியமும் எழுதத் தெரியாது. பேரப்பிள்ளையைக் கூப்பிட்டு எழுதச் சொல்லி, நாலு பேர் பார்க்க நடந்துவந்து போட வேண்டுமா? 2002-ல் மேற்கு ஆப்பிரிக்க அகதி முகாம்களில் உதவிக்கு வந்தவர்களே சாப்பாட்டைக் காட்டிப் பெண்பிள்ளைகளைச் சீரழித்தது வெளியே வந்தது. அப்படி ஒன்றைச் சீட்டில் எழுதுவாளா ஒருத்தி? கூட உட்கார்ந்து வெங்காயம் உரித்தால் ஒருவேளை உன்னிடம் சொல்வாள்.

அப்புறம், பர்மாவில் பிறந்தவளுக்கு 'ஆனாடே' என்றால் என்னவென்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கொடுக்கிறவர் மனசு சங்கடப்படக் கூடாது என்று தன் சங்கடத்தை விழுங்கிக்கொள்வது. அதற்கா விழிப்புணர்வு இல்லை என்று பேர் வைக்கிறாய்?

நானும் அப்படித்தான் இருந்தேன். 2008 மே 2-ம் தேதி நர்கீஸ் புயல் ஐராவதி முகத்துவாரத்தை வழித்துக்கொண்டு போனது. செத்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 1,38,000 பேர். ஜூன் தொடக்கத்தில், நாங்கள் சிலர் சேர்த்த அரிசியோடு தெடாயே பக்கம் ஒரு கிராமத்துக்குப் படகில் போனோம். நம் ஆட்கள் பத்துப் பதினைந்து வீடு. பால் டின்னால் அளந்தோம். எட்டு டின் ஒரு ப்யி, ஆளுக்கு மூன்று ப்யி. ஒரு பாட்டி பை இல்லாமல் கைலி மடிப்பை விரித்து வாங்கிக்கொண்டாள். "குறை ஏதாவது உண்டா பாட்டி?" என்று நோட்டும் கையுமாகக் கேட்டேன். "ஒண்ணுமில்ல தம்பி, மகராசனா இருங்க" என்றாள். 'குறை இல்லை' என்று எழுதிக்கொண்டேன். உன் மேலதிகாரியைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை, பார்.

மூன்று வாரம் கழித்து மறுபடி போனபோது பொழுது சாய்ந்துவிட்டது. ஏழு வீட்டுக்கு ஒரே சட்டி. அலுமினியம், ஒரு காது உடைந்தது. மற்றதெல்லாம் தண்ணீரோடு போய்விட்டது. காலையில் முதல் வீடு சோறு வடித்து, கழுவி, அடுத்த வீட்டுக்குக் கொடுக்கும். பாட்டி கைக்கு வரும்போது விளக்கு வைக்கும் நேரம். மூன்று வாரமாக ஒரு வேளைச் சோறு. அதே நேரத்தில் ரங்கூனில் எங்கள் கிடங்கில் நாற்பது சட்டி அட்டைப்பெட்டியில் கிடந்தது. அடுத்த நடைக்கென்று வைத்திருந்தோம்.

"ஏன் பாட்டி சொல்லலை?" என்றேன்.

"உங்ககிட்ட சட்டி இருக்குன்னு எனக்கு எப்படித் தம்பி தெரியும்? தெரிஞ்சா கேட்டிருப்பேன். இல்லாதவங்ககிட்ட கேட்டுச் சங்கடப்படுத்தவா?"

அன்றைக்கு முழுக்க அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பிற்பாடு இப்படி ஒரு பயிற்சிக் கையேட்டைத் தமிழாக்கித் தரச் சொன்னார்கள். அக்கவுண்டபிலிட்டி என்ற சொல்லிலேயே இரண்டு நாள் மாட்டிக்கொண்டேன். பொறுப்புக்கூறல், பொறுப்புடைமை என்று இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் எழுதுகிறார்கள். நான் 'கணக்குக் காட்டுவது' என்று எழுதினேன். கொச்சையாக இருக்கிறது என்று அடித்துவிட்டார்கள். இன்றைக்கும் எனக்கு அதுதான் சரியான சொல். தீமிதி முடிந்து கோயில் சுவரில் வரவு செலவு ஒட்டினால் என்ன நடக்கிறது? ஆயிரம் கியாட் கொடுத்தவர் தன் பேரைத் தேடுவார். "எலுமிச்சம்பழத்துக்கா இவ்வளவு?" என்று ஒருவர் குரல் எழுப்புவார். நிர்வாகிக்கு வேர்த்துப்போகும். அந்தக் கூட்டத்துக்கு விழிப்புணர்வு வகுப்பு எடுத்தது யார்? அங்கே கேட்கிறவர் கொடுத்தவர், இங்கே வாங்குகிறவர், இரண்டும் ஒன்றா என்பாய். ஒன்றில்லைதான். ஆனால் 'சட்டி 40' என்று அந்தக் கிராமத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தால் பாட்டி கேட்டிருப்பாள். அவளே சொன்னாளே.

உங்கள் பயிற்சியில், நிவாரண அமைப்புகள் மக்களுக்கு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் உலகத் தரநிலையின் (Core Humanitarian Standard) அந்த ஒன்பது உறுதிமொழிகளை ஒப்பிக்கச் சொல்லியிருப்பார்கள். 2014-ல் வந்தவை. அதில் புகார் ஐந்தாவது. மக்கள் தங்கள் உரிமையையும் தங்களுக்கு வர வேண்டியதையும் தெரிந்துகொண்டு முடிவுகளில் பங்கெடுப்பது நான்காவது. 2024-ல் திருத்தியபோது உரிமையையும் பங்கெடுப்பையும் முதலாவதாகக் கொண்டுபோய் வைத்தார்கள், புகார் ஐந்தாவதாகவே இருக்கிறது. நீங்கள் முதல் நாலையும் தாண்டிக் குதித்து ஐந்தாவதற்கு ஒரு தகரப்பெட்டி வாங்கியிருக்கிறீர்கள். பூட்டோடு.

ஆமாம், பாங்காக் கேட்டிருந்தாய். போய்விட்டு வா, வேண்டாமென்று சொல்ல நான் யார். கிளம்புவதற்கு முன் ஒரு வேலை செய். ஐந்து பெட்டிக்கும் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டு. தார்ப்பாய் எத்தனை வந்தது, யாருக்குப் போனது, மிச்சம் எவ்வளவு, எங்கே இருக்கிறது. பர்மியத்தில் பெரிசாக எழுது, நம் ஆட்கள் இருக்கிற இடத்தில் நின்று தமிழில் வாசித்துக் காட்டு. அடுத்த நாளே யாராவது சண்டைக்கு வருவார்கள். என்ன கேட்டார்கள் என்று எனக்கு எழுது.