முதலில் குத்தகையை எழுதுங்கள், அப்புறம் முள்ளை வெட்டுங்கள்

கேள்வி: திருச்சுழி பக்கம் எங்கள் கிராமம். மகளிர் குழுவில் எட்டுப் பேர் சேர்ந்து, ஏழு வருடமாகத் தரிசாகக் கிடக்கும் இரண்டரை ஏக்கர் கரிசலைக் குத்தகைக்குப் பிடிக்க நினைக்கிறோம். எங்களில் யாருக்கும் சொந்த நிலம் இல்லை. நிலம் முழுக்கச் சீமைக்கருவேலம், மூலையில் ஒரு கிணறு. சென்னையில் இருக்கும் உரிமையாளர், "எழுத்தெல்லாம் எதுக்கும்மா, உழுது சாப்பிடுங்க, முடிஞ்சதைக் குடுங்க" என்கிறார். நம்பி இறங்கலாமா? ரசாயன உரம் இல்லாமல் முதல் வருடம் என்ன விதைக்கலாம்?

பதில்: இறங்கலாம். ஆனால் எழுதாமல் இறங்காதீர்கள். அவர் மனசார நல்லவராகவே இருக்கட்டும். கருவேலங்காடாகக் கிடக்கும்வரை அந்த நிலத்தை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நீங்கள் திருத்திப் பச்சை காட்டியதும் மகன் வருவார், மருமகன் வருவார், கிரயத்துக்குக் கேட்டு ஆள் வரும். எனக்குத் தெரிந்த ஒரு குழு கருவேலத்தை வேர் வரைக்கும் பறித்து, குப்பை உரம் அடித்துப் பாடுபட்டது; மூன்றாம் வருடம் மிளகாய் சிவந்து நின்ற நேரத்தில், நிலத்துக்காரர்கள் "இனி நாங்களே பார்த்துக்கிறோம்" என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பழத்தைப் பறிக்கக்கூட விடவில்லை. பெண்கள் கையில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

உரிமையாளர்கள் எழுதத் தயங்குவதற்கும் காரணம் உண்டு. 1955-ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், தன் உடலுழைப்பைப் போட்டுப் பயிர் செய்யும் குத்தகைதாரரை நினைத்த நேரத்தில் வெளியேற்ற முடியாது என்கிறது. எழுதிக் கொடுத்தால் நிலம் கையை விட்டுப் போய்விடும் என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தை மறைமுகமாகச் சுற்றாமல் நேராகவே பேசுங்கள். எத்தனை வருடம், என்ன குத்தகை என்று எழுத்தில் இருந்தால் அது அவருக்கும் ஆதாரம்தானே.

"முடிஞ்சதைக் குடுங்க" என்ற பேச்சு காதுக்கு இனிக்கும். முதல் வருடம் ஒன்றும் கேட்க மாட்டார், விளைந்த வருடம் பாதியைக் கேட்பார். நியாயக் குத்தகை பற்றிய 1956-ஆம் ஆண்டுச் சட்டம், பின்னால் வந்த திருத்தத்தோடு சேர்த்து, உரிமையாளருக்கு விளைச்சலில் 25 சதவீதம் என்கிறது. பேச்சை அதற்கு மேல் போகவிடாதீர்கள். காடு வெட்டும் கூலிக்கு ஈடாக முதல் வருடம் குத்தகை இல்லை என்று கேட்பதும் நியாயம்தான்.

ஐந்து வருடம் கேளுங்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை என்பதால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். எட்டுப் பேர் பெயரும் இருக்கட்டும், தலைவி பெயர் மட்டும் போதாது. அதற்கு முன் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். கூட்டுப் பட்டா என்றால் எல்லாப் பங்காளிகளும் கையெழுத்துப் போட வேண்டும். கிணற்றுத் தண்ணீர், மோட்டார் ரிப்பேர் செலவு, நிலத்தை விற்றால் நிற்கிற வெள்ளாமை யாருக்கு என்பதெல்லாம் எழுத்தில் வரட்டும். பலரும் மறப்பது விறகு. இரண்டரை ஏக்கர் கருவேலத்தை வெட்டினால் மூட்டம் போட்டுக் கரியாக்கலாம், விறகாகவும் விற்கலாம். ஜேசிபி வாடகையில் பெரும்பகுதி அதிலேயே வந்துவிடும். அந்தப் பணம் யாருக்கு என்று எழுதாவிட்டால் முதல் சண்டையே அங்கேதான்.

எழுதித் தர ஆளில்லையே என்று கவலைப்பட வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் குழுவிடம் போங்கள்.

அப்புறம் கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து, எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்று காட்டும் அடங்கல் கணக்கில் சாகுபடி செய்பவர் நீங்கள் என்று பதியச் சொல்லுங்கள். பயிர்க் காப்பீடு, பயிர்க்கடன், வெள்ள நிவாரணம் எல்லாம் அந்தப் பதிவைப் பார்த்துத்தான் நகரும். கடனுக்கு வங்கியில் 'கூட்டுப் பொறுப்புக் குழு' என்று கேளுங்கள். நிலமில்லாதவர்களும் குத்தகைக்காரர்களும் 4 முதல் 10 பேர் சேர்ந்து, ஈடு வைக்காமல் வாங்கும் கடன் அது. கேரளத்தில் குடும்பஸ்ரீ என்ற அரசு மகளிர் குழுத் திட்டத்துப் பெண்கள் குத்தகை நிலத்தில் வாழையும் காய்கறியும் போட்டு வளர்ந்தது இந்த மாதிரிக் குழுக்களாகச் சேர்ந்துதான்.

சரி, மண்ணுக்கு வருவோம். இரண்டரை ஏக்கரையும் ஒரே வருடத்தில் தொடாதீர்கள். கிணற்றை ஒட்டி ஒரு ஏக்கர் போதும். கருவேலத்தை வேரோடு எடுக்க வேண்டும், தரையோடு வெட்டினால் ஒரு மழையில் திரும்பத் துளிர்க்கும். சித்திரை, வைகாசியில் இதை முடித்துவிட்டு, ஆட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் கிடை போடச் சொல்லுங்கள், அதாவது புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரமாக, மந்தையை ராத்திரி நிலத்திலேயே அடைக்கச் சொல்லுங்கள். நாலு நாள் கிடை மறித்த கரிசலை உழும்போது மண்வாசமே மாறியிருக்கும், கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிரும்.

ஆடியில் பலதானியம் விதையுங்கள். கம்பு, சோளம், உளுந்து, தட்டைப்பயறு, எள், ஆமணக்கு, சணப்பு, தக்கைப்பூண்டு என்று கலந்து ஏக்கருக்கு 20 கிலோ. மழை ஏமாற்றினால் கிணற்றுத் தண்ணீர் காட்டுங்கள். பூவெடுக்கும்போது, சுமார் 45 நாளில், அப்படியே மடக்கி உழுது மட்கவிடுங்கள். இவ்வளவு வளர்ந்ததை உழுவதா என்று மனசு வராதுதான், ஆனாலும் உழுதுவிடுங்கள்.

புரட்டாசிக் கடைசியில் குதிரைவாலியும் ஊடுபயிராக உளுந்தும். உங்கள் பக்கத்துக் கரிசலுக்குக் குதிரைவாலி புதிதல்ல, தையில் அறுவடைக்கு வந்துவிடும். உமி நீக்கும் மில் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று இப்போதே விசாரியுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் மூட்டை கிடக்கும், சோறு பொங்க முடியாது. கிணற்றடியில் இருபது சென்டில் கத்தரி, வெண்டை, கொத்தவரை போடுங்கள். எட்டு வீட்டுக் குழம்புக்குப் போக மிச்சத்தை விற்கலாம்.

ஒரு நோட்டுப் போட்டு யார் எத்தனை நாள் வந்தார்கள், அரை நாளா முழு நாளா என்று அன்றன்றைக்கே எழுதுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வராதவருக்கு என்ன பங்கு என்பதை விதைப்புக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். தானிய அம்பாரத்தைச் சுற்றி நின்றுகொண்டு அதைப் பேச ஆரம்பித்தால் குழு உடையும்.