சிரித்தால் கால் மடங்குகிறதா? கேட்டவர்களுக்குப் பதில்

மதுரையில் ஒரு தூக்கப் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருடம் டெக்னீஷியனாக இருந்துவிட்டு, இப்போது கண்டனூரில் இருக்கிறேன். என் தம்பிக்குச் சிரித்தால் உடம்பு தளர்ந்துவிடும். இதற்குப் பெயர் கேட்டப்ளெக்ஸி. அவனைப் பற்றிச் சொன்னதிலிருந்து வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மருந்தும் அளவும் டாக்டர் சொல்ல வேண்டியவை.

பள்ளத்தூர் ஆச்சி ஒருவர்: பேரனுக்குப் பதினாறு வயது. சாந்திக் கல்யாண வீட்டுப் பந்தியில் சிரித்தவன் அப்படியே சரிந்துவிட்டான். வலிப்பு என்று கையில் சாவிக்கொத்தைக் கொடுத்தோம். வலிப்புதானா?

ஆச்சி, பேரனிடம் ஒன்று கேளுங்கள்: கீழே கிடந்தபோது நாம் பேசியது காதில் விழுந்ததா?

என் தம்பிக்கு முதலில் வந்தது எங்கள் வீட்டு வளவில். அம்மான் ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்தோம். அவனுக்குத் தாடை தொங்கியது, இமை துடித்தது, பேச்சு குழறியது. தலை முன்னால் சாய்ந்து முழங்கால் விட்டுப்போக, தூணைப் பிடித்தபடியே ஆத்தங்குடிக் கல்லில் சரிந்தான். அரை நிமிஷம்கூட இருக்காது. எழுந்ததும், "அயித்தை தண்ணி தெளிக்கச் சொன்னாக, அம்மான் வேணாம்னாக" என்று நடந்ததை வரிசையாகச் சொன்னான். உடம்பு முழுக்க வெட்டி இழுக்கும் வலிப்பில் இப்படிச் சொல்ல முடியாது. முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் குழப்பமாக இருப்பார்கள், நாக்கைக் கடித்திருக்கலாம். கேட்டப்ளெக்ஸியில் நினைவு தப்புவதே இல்லை, தசை மட்டும்தான் விட்டுப்போகும். பெரும்பாலும் இரண்டு நிமிஷத்துக்குள் சரியாகிவிடும்.

இந்த ஒரு கேள்வியை யாரும் கேட்காததால் அவன் இரண்டு வருடம் வலிப்பு மாத்திரை சாப்பிட்டான். அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. அடுத்த முறை வந்தால் செல்போனில் படம் பிடித்து நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். நீங்கள் பத்து நிமிஷம் விவரிப்பதைவிட அது உதவும். சாவிக்கொத்து வலிப்புக்கும் உதவாது, இதற்கும் உதவாது.

காரைக்குடி கல்லூரி மாணவி: வயிறு குலுங்கச் சிரித்தால் எல்லாருக்கும்தானே கை கால் தளர்கிறது?

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். நன்றாகச் சிரிக்கும்போது தண்டுவடத்தின் அனிச்சைச் செயல் யாருக்குமே கொஞ்சம் அடங்கும். அளந்தே பார்த்திருக்கிறார்கள். நமக்கு அது அந்தத் தளர்ச்சியோடு நின்றுவிடும்.

கனவு காணும் தூக்கத்தில், கண்ணையும் மூச்சையும் விட்டுவிட்டு மற்றத் தசைகளை மூளை கட்டிப்போடுகிறது. கனவில் ஓடினால் கட்டிலை விட்டு இறங்கி ஓடிவிடாமல் இருப்பது அதனால்தான். விழித்திருக்கும்போது அந்தக் கட்டு விழாமல் காப்பது ஹைப்போக்ரெடின் என்ற ரசாயனம். ஒரெக்ஸின் என்றும் சொல்வார்கள். மூளையில் ஹைப்போதலாமஸ் பகுதியில் இருக்கும் சில பத்தாயிரம் செல்கள்தான் இதைச் சுரக்கின்றன. பகலில் அடக்க முடியாமல் தூக்கம் வரும் நோய்க்கு நார்கோலெப்ஸி என்று பெயர். கேட்டப்ளெக்ஸியும் சேர்ந்து வரும் அதன் முதல் வகையில் அந்தச் செல்களில் பெரும்பாலானவை அழிந்துவிடுகின்றன. உடம்பின் எதிர்ப்பு சக்தியே அவற்றைத் தாக்குவதாகத்தான் பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். காவல் போன பிறகு, சந்தோஷம் பொங்கும்போது கனவுத் தூக்கத்தின் கட்டு விழித்திருக்கையிலேயே வந்து விழுகிறது.

1998இல்தான் இந்த ரசாயனத்தைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த வருடமே, பரம்பரையாக இந்த நோய் வந்த டோபர்மேன் நாய்களில், இதை ஏற்கும் ஏற்பியின் மரபணு பழுதாகியிருப்பது தெரிந்தது. அந்த நாய்கள் பிடித்த சாப்பாட்டைக் கண்டாலே சரிந்துவிடும்! நார்கோலெப்ஸி என்று 1880இல் பெயர் வைத்தவர் ஜெலினோ என்ற பிரெஞ்சு டாக்டர். அவரிடம் வந்தவர் ஒயின் பீப்பாய் வியாபாரி. நல்ல வியாபாரம் படியப்போகிறது என்று நினைத்தாலே அவருக்குக் கால் தளர்ந்துவிடுமாம். என் தம்பிக்கும் அப்படித்தான். அடுத்தவர் ஜோக்கைவிட, தானே ஒன்று சொல்ல வாயைத் திறக்கும்போதுதான் அதிகம் வரும்.

தேவகோட்டையில் கடை வைத்திருப்பவர்: கல்லாவில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறேன். இதுவும் அதுவா?

சிரித்தால் தளர்ச்சி உண்டா என்று நீங்கள் எழுதவில்லை, அண்ணே. இல்லையென்றால் முதலில் குறட்டையையும் தூக்கத்தில் மூச்சு நிற்பதையும் பாருங்கள். அதுதான் ரொம்பச் சாதாரணம். தளர்ச்சியும் உண்டு, தூங்கப்போகும்போதோ விழிக்கும்போதோ அமுக்குவான் பேய் வந்து அமுக்குவதுபோல அசைய முடியாமலும் கிடக்கிறீர்கள் என்றால், தாமதிக்காமல் தூக்க மருத்துவரைப் பாருங்கள். அதுவரை வண்டி ஓட்டாதீர்கள்.

கோட்டையூரிலிருந்து ஒரு தாயார்: எட்டு வயது மகளுக்கு முகம் தொங்குகிறது, நாக்கு வெளியே வருகிறது. நடிக்கிறாள் என்கிறார் டீச்சர்.

நடிப்பு என்று விட்டுவிடாதீர்கள் அம்மா. குழந்தைகளுக்கு இந்த நோய் தொடங்கும்போது சிரிக்காமலே முகம் தளர்ந்து, இமை பாதி மூடி, நாக்கு தள்ளி நிற்பது உண்டு. கூடவே பகல் தூக்கமும், சில மாதங்களில் மளமளவென்று எடை ஏறுவதும் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. வேறு நரம்புக் கோளாறுகளும் இப்படிக் காட்டலாம். அதனால் குழந்தைகள் நரம்பியல் டாக்டரை இந்த வாரமே பாருங்கள்.

கானாடுகாத்தான்காரர், இப்போது சிங்கப்பூரில்: எப்படி உறுதி செய்வது? மருந்து உண்டா?

ஓர் இரவு முழுக்க மூளை அலைகளைப் பதிவு செய்வோம். மறுநாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, நாலைந்து தடவை படுக்கச் சொல்வோம். சராசரியாக 8 நிமிஷத்துக்குள் தூங்கி, இரண்டு தடவையாவது படுத்த கொஞ்ச நேரத்திலேயே கனவுத் தூக்கம் வந்தால் நார்கோலெப்ஸி. சந்தேகம் இருந்தால் தண்டுவட நீரில் ஹைப்போக்ரெடினை அளப்பார்கள்.

முழுக்கக் குணமாக்கும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் வென்லாஃபாக்சின், க்ளோமிப்ரமின் போன்றவை தளர்ச்சியை நன்றாகக் குறைக்கும். ஒன்று முக்கியம்: இவற்றைத் திடீரென்று நிறுத்தக்கூடாது. தம்பி ஒரு முறை ஊருக்குப் போனபோது மாத்திரை டப்பாவை மறந்துவிட்டான். மூன்றாம் நாள் எழுந்து நிற்பதும் சரிவதுமாக முழுப் பகலும் போயிற்று.

புதுவயல் தம்பி: என் நண்பனுக்கு இது இருக்கிறது. எங்கள் முன்னால் விழுந்தால் என்ன செய்வது?

தாங்கிப் பிடித்து மெதுவாகத் தரையில் விடு. தலைக்கு அடியில் கையை வை. உலுக்காதே, முகத்தில் தண்ணீர் அடிக்காதே, வாயில் எதுவும் ஊற்றாதே. ஊருணிக்குக் குளிக்கப் போனால் அவனைத் தனியாக இறங்க விடாதே. படிக்கட்டில் நிற்கும்போது ஜோக் சொல்லாதே.

ஆனால் அவனுக்காகச் சிரிப்பதை நிறுத்திவிடாதீர்கள். என் தம்பி மூன்று வருடம் எந்த விசேஷத்துக்கும் வரவில்லை. வந்தாலும் கல் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பான். இப்போது திண்ணையில் தூணில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டுதான் கதையை ஆரம்பிக்கிறான். பாதியில் தலை சாய்ந்தால் நாங்கள் காத்திருப்போம். உங்கள் நண்பனுக்கும் முதுகு சாய ஓர் இடம் பார்த்துக் கொடுங்கள்.