எண்டோஸ்கோப்பி நார்மல் என்றால் எல்லாம் மனப்பிரமையா?

சோறு நெஞ்சிலேயே நிற்கிறது, எண்டோஸ்கோப்பியில் ஒன்றுமில்லை, மனசுதான் காரணம் என்கிறார்களே, நிஜமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டிலும் 'எல்லாம் நினைப்புதான்' என்று ஆரம்பித்திருப்பார்கள். என் அம்மாவிடமும் அதையேதான் சொன்னார்கள்.

அம்மாவுக்கு முதலில் இட்லி நின்றது, அப்புறம் தண்ணீரும் நின்றது. நாலு வாய் சாப்பிட்டதும் எழுந்து நின்று, தோளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடிப்பார். ராத்திரி படுத்தால் சாப்பிட்ட சோறு புளிப்புக்கூட இல்லாமல் அப்படியே தலையணையில் வரும். அல்சர், கேஸ் என்று மாத்திரைதான் மாறிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு டாக்டர் மேனோமெட்ரி எடுக்கச் சொன்னார். மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு, தண்ணீரை விழுங்கச் சொல்லி, உள்ளே அழுத்தத்தை அளப்பார்கள். அதில்தான் அக்கலேசியா என்று தெரிந்தது.

உணவுக்குழாயின் அடியில் இருக்கும் தசை வளையம் சாதாரணமாக இறுகியே இருக்கும். நாம் விழுங்கியதும் மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பு வழியாக உத்தரவு வரும். குழாயின் சுவரிலேயே உள்ள நரம்பு செல்கள் அதை வாங்கி நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை விடும். அதனால் தசைக்குள் கால்சியம் குறைந்து, வளையம் சில நொடி தளரும். நரம்புக்கும் தசைக்கும் நடுவே காஹல் செல்கள் என்றும் உண்டு. சேதியைக் கடத்துவதில் அவற்றின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே வாதம் இருக்கிறது, அதற்காக யாரும் என்னோடு சண்டைக்கு வர வேண்டாம். அக்கலேசியாவில் தளர்த்துகிற நரம்பு செல்கள் அழிந்துபோகின்றன, இறுக்குகிறவை மிஞ்சுகின்றன. அதனால் விழுங்கினாலும் வளையம் சரியாகத் திறக்காது, சோறு மேலேயே நிற்கும். ஆரம்பத்தில் எண்டோஸ்கோப்பிக் குழாயை லேசாக அழுத்தினாலே வளையம் வழிவிட்டுவிடும். நார்மல் என்று ரிப்போர்ட் வருவது அதனால்தான்.

கவலையால் தொண்டை அடைக்காது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதில் பொதுவாகச் சோறு இறங்கிவிடும்.

இன்னொன்று. கல்யாணப் பந்தியில் வேண்டாம் என்று கையை மறித்தாலும் இலையில் கொட்டிவிட்டு, மிச்சம் வைத்தால் 'வீம்பு' என்று பேசுகிற பழக்கம் எப்போதுதான் ஒழியுமோ? அம்மா விசேஷங்களுக்குப் போவதையே நிறுத்தினார்.

செத்த நரம்பு திரும்பாது, வளையத்தைத்தான் சரிசெய்ய முடியும். பலூன் வைத்து விரிப்பார்கள், அல்லது தசையை அறுப்பார்கள். ஜப்பானில் டாக்டர் இனோவே 2008இல் தொடங்கிய போயம் முறையில் வாய் வழியாகவே அறுக்கிறார்கள். அம்மாவுக்கு அதுதான் செய்தோம். இப்போது நெஞ்செரிச்சல் மாத்திரை தேவைப்படுகிறது, ஆனால் உட்கார்ந்தே சாப்பிடுகிறார்.

நீங்கள் பேரியம் எக்ஸ்ரேயும் (பேரியம் கலந்த திரவத்தை விழுங்கவைத்து எடுப்பது) மேனோமெட்ரியும் வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். அதுவரை தலைமாட்டை உயர்த்திப் படுங்கள். மேலே வரும் சோறு நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரலாம்.