பட்டாவில் புன்செய் என்று இருந்தால் வீடு கட்ட முடியாதா?

கேள்வி: 2011-ல் கோவைப் புறநகர் ஊராட்சி ஒன்றில் மூன்று சென்ட் மனை வாங்கினேன். ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று சொல்லி விற்றார்கள். பத்திரமும் பட்டாவும் என் பெயரில் உள்ளன. வீட்டுக் கடன் கேட்டுப் போனால், டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதியும் இல்லை, வரன்முறையும் (அனுமதியில்லாத மனையைப் பின்னால் முறைப்படுத்துவது) ஆகவில்லை என்று வங்கி திருப்பி அனுப்பிவிட்டது. பட்டாவில் புன்செய் என்று இருப்பதுதான் சிக்கல், நில உபயோகத்தை மாற்றித் தருகிறேன் என்று ஒரு புரோக்கர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? (ஒரு வாசகி)

பதில்: கொடுக்காதீர்கள், சகோதரி. அவர் இரண்டு வேறு சங்கதிகளை ஒன்றாக்கிச் சொல்கிறார்.

நன்செய், புன்செய் என்பது வருவாய்த் துறை நிலவரிக்காகப் பிரித்து வைத்த வகை. நில உபயோகம் என்பது 1971-ம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் வரும் முழுமைத் திட்டத்தில், அதாவது மாஸ்டர் பிளானில், உங்கள் சர்வே எண்ணுக்குக் குறித்திருக்கும் பயன்பாடு: குடியிருப்பு, வணிகம், தொழில், விவசாயம் என்று. பட்டாவில் புன்செய் என்றிருக்கும் இடம் பிளானில் குடியிருப்பாக இருக்கலாம். அப்படியானால் மாற்றுவதற்கே ஒன்றுமில்லை. எனவே சர்வே எண்ணும் உட்பிரிவு எண்ணும் எடுத்துக்கொண்டு நகர் ஊரமைப்பு மாவட்ட அலுவலகத்தில் முதலில் இதைக் கேளுங்கள். விவசாயம் என்று வந்தால், அந்தச் சட்டத்தின் 32-வது பிரிவின்படி முறையாக விண்ணப்பித்துத்தான் மாற்ற முடியும். எந்த மாஸ்டர் பிளானுக்குள்ளும் வராத கிராமங்களுக்கு 2017-ல் வந்த தனி விதிகள் உண்டு.

உங்கள் உண்மையான சிக்கல் மனைப்பிரிவு அனுமதி. ஒரு தோட்டத்தை மனைகளாகப் பிரிக்கும்போது சாலை எத்தனை அடி, தண்ணீர் எங்கே வடியும், பூங்காவுக்கு எவ்வளவு இடம் என்று பார்த்துத்தான் டி.டி.சி.பி. ஒப்புதல் தரும். இன்றைய விதிப்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதித் தர வேண்டும். இதுதான் ஓ.எஸ்.ஆர். இடம். இதையெல்லாம் விடாமல் முழு நிலத்தையும் விற்கத்தான் பலர் ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்ற குறுக்கு வழிக்குப் போனார்கள். டி.டி.சி.பி. ஒப்புதல் இல்லாமல் ஊராட்சித் தலைவர் தன் கையெழுத்தாலும் முத்திரையாலும் மட்டும் மனைப்பிரிவை அங்கீகரிக்க முடியாது. சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வாங்கியவர்கள் இந்த ஒரு சொல்லை நம்பி ஏமாந்ததைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆறாத கோபம் வருகிறது.

ஆனால் உங்களுக்கு வழி இருக்கிறது. அங்கீகாரமற்ற மனைகளுக்கான 2017-ம் ஆண்டு வரன்முறை விதிகள், 20.10.2016-க்குள் பதிவான மனைகளுக்குப் பொருந்தும். நீங்கள் வாங்கியது 2011. முதலில் மொத்த மனைப்பிரிவின் வரைபடத்துக்கு டி.டி.சி.பி. கொள்கை அளவில் ஒப்புதல் தரும். அதன் பிறகு உங்கள் தனி மனைக்குக் கட்டணம் கட்டி உள்ளாட்சியில் வரன்முறை ஆணை வாங்க வேண்டும். அக்கம்பக்கத்து மனைக்காரர் யாராவது முதல் கட்டத்தை முடித்திருந்தால் உங்கள் வேலை பாதியாகிவிடும், விசாரியுங்கள். முடிக்கவில்லை என்றால் எல்லோரும் சேர்ந்து போவதே நல்லது. விண்ணப்பக் காலக்கெடுவை அரசு பலமுறை நீட்டித்திருக்கிறது. இப்போது திறந்திருக்கிறதா என்று அதே அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். ஏரி, வாய்க்கால் போன்ற நீர்நிலைக்குள் மனை இருந்தால் வரன்முறை கிடைக்காது.

அப்புறம், பத்திரத்தின் சொத்து விவரத்தை எடுத்துப் படியுங்கள். ‘வீட்டுமனை’ என்று எழுதியிருக்கிறதா, வெறும் ‘புன்செய் நிலம்’ என்றா? பதிவுச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 22-ஏ பிரிவு, அனுமதியில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை விதிக்கிறது. முன்பே வீட்டுமனையாகப் பதிவானதற்கு மட்டும் விலக்கு உண்டு. நாளைக்கு மகளுக்கு எழுதிக் கொடுக்கவோ விற்கவோ போகும்போது அந்த ஒரு வார்த்தைதான் கைகொடுக்கும்.

வரன்முறை ஆணை வரும் வரை அஸ்திவாரம் தோண்டாதீர்கள். ‘கட்டிவிட்டால் யார் இடிக்கப் போகிறார்கள்’ என்று சொல்பவர்கள் நோட்டீஸ் வரும் அன்று பக்கத்தில் நிற்க மாட்டார்கள். நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகளில் வேலையை நிறுத்தவும் அகற்றவும் அதிகாரம் இருக்கிறது. வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் அனுமதிக்கு ஈடாகாது. மனை வரன்முறையானபின் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்ட, 2024-ல் வந்த சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி வாங்கலாம்.

விற்றவர் மீது வழக்குப் போடலாமா என்று தோன்றும். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுதான் கெடு. 2011-ல் வாங்கியதற்கு இப்போது போனால் காலதாமதம் என்றே எதிர்த்தரப்பு வாதிடும். அந்தச் செலவை வரன்முறைக் கட்டணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.