முற்றம் திறந்திருக்கிறதா என்று கேளுங்கள்

"பழைய வீட்டைப் புதுப்பித்து நடத்தும் சிறு விடுதிகளில் ஓட்டலைவிட வாடகை கூடுதலாக இருக்கிறதே, குடும்பத்தோடு தங்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகத் தங்கலாம். பணம் கட்டும் முன் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: வீட்டின் நடுவே உள்ள முற்றம் வானம் பார்க்கத் திறந்திருக்கிறதா, மூடிவிட்டார்களா?

போன ஆனியில் பாலக்காடு கல்பாத்தியில் ஓர் அக்ரகார வீட்டில் இரண்டு இரவு தங்கினோம். கோவையிலிருந்து வாளையார் தாண்டி ஒன்றரை மணி நேரம். அந்தத் தெருக்களில் வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும். இரண்டு வீட்டுக்கும் ஒரே நடுச்சுவர். பக்கத்தில் ஜன்னல் வைக்க வழியே இல்லை. திண்ணை, ரேழி, கூடம், அடுக்களை, கிணறு, கொல்லை என்று நீளும் வீட்டுக்குள் வெளிச்சமும் காற்றும் முற்றத்தின் வழியாகத்தான் இறங்க வேண்டும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் அதே வட்டாரத்தில் வேறொரு வீட்டில் தங்கியபோது, முற்றத்தைக் கண்ணாடியால் மூடி சோபா போட்டிருந்தார்கள். சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்ட் பூசிப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியே விட்டுவிடும்; சிமெண்ட் உள்ளேயே அடைத்து வைக்கும். கட்டிலின் தலைமாட்டில் பெயிண்ட் கொப்பளித்து உப்புப் பூத்திருந்தது. மகள் இரவெல்லாம் இருமினாள். எத்தனை தலைமுறை பார்த்துப் பார்த்து வைத்திருந்த வீடு! இன்றும் மனம் ஆறவில்லை.

இந்த முறை தங்கிய வீட்டில் உடைந்ததை மட்டும் மாற்றியிருந்தார்கள். கொல்லையில் அடுக்கியிருந்த பழைய ஓடு ஒன்றில் பாசல் மிஷன், 1865 என்று முத்திரை இருந்தது. வீட்டின் வயது அதுதான் என்று நினைத்தேன். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மாமி, "அது பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரிச் சபை மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருஷம். வீடு எப்போது கட்டியது என்று ஓட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது" என்றார். பழம்பெருமை பேசி வாடகையை ஏற்றத் தெரியாத அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அன்று சாயங்காலம் மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. மாமி முதலில் செய்த காரியம், முற்றத்து மூலையில் குந்தி, தண்ணீர் வெளியேறும் தூம்பின் வாயில் அடைத்திருந்த மாவிலைச் சருகை விரலால் நோண்டி எடுத்ததுதான். பிறகு மழை பிடித்துக்கொண்டது. நான்கு பக்க ஓட்டிலிருந்தும் முற்றத்துக்குள் கொட்டிய தண்ணீர் ஒரு சாண்கூட நிற்காமல் ஓடிவிட்டது. கூடம் குளிர்ந்து, மின்விசிறியை நிறுத்திவிட்டோம்.

அசௌகரியங்களும் உண்டு. நிலைப்படி தாழ்வு, மச்சுப்படி செங்குத்து. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஆகாது. "காசியில் பாதி கல்பாத்தி" என்று சொல்ல வைத்த விசுவநாதர் கோயிலுக்கும் படியிறங்கித்தான் போக வேண்டும். நவம்பரில் தேர் நடக்கும் நாட்களில் அறை கிடைப்பது அரிது. கிடைத்தாலும் தூக்கத்தை எதிர்பார்க்காதீர்கள்.

மழைக்காலத்தில் போனால் மச்சு அறை வேண்டாம். கூடத்தை ஒட்டிய கீழறையைக் கேளுங்கள். முற்றத்தில் மழை விழுவது படுக்கையிலிருந்தே கேட்கும்.