கப்பல் மருத்துவமனையிலிருந்து திரும்பியபின் வேலை ஒட்டவில்லை: ராஜினாமா செய்யலாமா?

இப்போதைக்கு வேண்டாம். சியரா லியோனின் ஃப்ரீடவுனில், மெர்சி ஷிப்ஸ் என்ற கிறிஸ்தவத் தொண்டு நிறுவனத்தின் மருத்துவமனைக் கப்பலில் செவிலியராக இருந்துவிட்டு வந்தபின் வார்டில் எரிச்சல், ஞாயிறு ஆராதனையில்கூட உட்கார முடியவில்லை என்கிறீர்கள். அந்த நிலையில் எழுதும் ராஜினாமா கடிதத்தை நம்பாதீர்கள்.

அங்கே ஜெபம், வேலை, சாப்பாடு, தூக்கம் எல்லாம் ஒரே கப்பலில், ஒரே கூட்டத்தோடு. முகத்தில் இருந்த கட்டியை அகற்றியபின் நோயாளி கண்ணாடி பார்க்கும்போது பக்கத்திலேயே நின்றிருப்பீர்கள். இங்கே டிஸ்சார்ஜ் சீட்டோடு ஆள் போய்விடுவார். சியரா லியோனைவிட அந்தக் கூட்டத்தைத்தான் தேடுகிறீர்கள் என்று தோன்றுகிறது.

உடன் வேலை செய்த ஒருவரை அழைத்து நிதானமாகப் பேசிப் பாருங்கள். மறுநாள் வார்டு கொஞ்சம் இலகுவாக இருந்தால், எரிச்சலுக்குக் காரணம் அந்தக் கூட்டத்தைப் பிரிந்ததுதான். ("எப்படி இருந்தது?" என்று கேட்டுவிட்டு பதிலுக்கு நிற்காத சபையார்மேல் கோபம் வேண்டாம். எல்லா ஊரிலும் அப்படித்தான்.)

அப்புறம், மலேரியாவுக்கு வாரம் ஒன்றாக மெஃப்ளோக்வின் மாத்திரை போட்டீர்களா? கெட்ட கனவு, பதற்றம், மனச்சோர்வு வரலாம். நிறுத்தியபின்னும் சிலருக்கு நீடிக்கும். டாக்டரிடம் சொல்லுங்கள். காய்ச்சல் வந்தால் போன நாட்டை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மறுபடி போவதென்றாலும் கப்பலில் சம்பளம் கிடையாது, தங்கும் செலவும் நம்முடையதே. அதற்காவது இந்த வேலை வேண்டும்.